சத்தத்துக்குள் ஒளிந்திருக்கும் சத்தம்: ஒலி டீகோடர் உள்ள மாடல் ரயில் இன்ஜினில் இரைச்சலைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

சாதாரண மாடல் ரயில் இன்ஜின் 'கறகற' என்று ஓடினால், கழற்றிப் பார்த்துத் துடைத்து எண்ணெய் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒலி டீகோடர் (கன்ட்ரோலரின் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டி, பதிந்து வைத்த ஒலிகளையும் எழுப்பும் சின்ன மின்னணுப் பலகை) பொருத்திய இன்ஜினில் அவ்வளவு சுலபமில்லை. அதற்குள் இரண்டு சத்தங்கள் இருக்கின்றன. மோட்டாரும் கியரும் நிஜமாகவே எழுப்பும் சத்தம் ஒன்று. டீகோடர் ஸ்பீக்கர் வழியாகப் பாடிக் காட்டும் சத்தம் இன்னொன்று. ஒன்றின் கோளாறு இன்னொன்றின் வேஷத்தில் வரும்.

என்னிடம் இருக்கும் ஒரு ஹெச்ஓ அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) டீசல் இன்ஜினில் வேகம் கூடக் கூட ஒரு கறகறப்பு வந்தது. இரண்டு மாலைகள் உட்கார்ந்து கியரையெல்லாம் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைத்தேன். போகவில்லை. கடைசியில் பார்த்தால், ஸ்பீக்கரின் ஓரத்தில் பசை விட்டுப்போய் விளிம்பு அதிர்ந்துகொண்டிருந்தது. திராட்டிலைக் கூட்டினால் மோட்டார் வேகமாகச் சுற்றும்; அதே நேரத்தில் டீகோடரின் டீசல் உறுமலும் ஏறும். இரண்டும் கைகோத்து ஏறுவதால், வேகத்தோடு வளரும் சத்தம் என்றால் கியர்தான் என்று காது முடிவுகட்டிவிடுகிறது. அதனால் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன்பே இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் டிசிசி முறையில் (தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) ஓடும் ஹெச்ஓ டீசல் இன்ஜினை மனதில் வைத்து எழுதியது. நீராவி இன்ஜினுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

புது இன்ஜின், உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், கழற்றாமல் செய்யக்கூடிய சோதனைகளோடு நிறுத்திக்கொண்டு கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முதலில்: இது கோளாறுதானா?

சிரிக்காதீர்கள். நண்பர் ஒருவர், "நிற்கும்போது திடீர் திடீர்னு 'புஸ்'ஸுங்குது, அப்புறம் கொஞ்ச நேரம் 'கடகட'ங்குது" என்று கவலையோடு கேட்டார். 'புஸ்' என்றது காற்றுத்தொட்டியிலிருந்து ஈரத்தை வெளியேற்றும் வால்வு. 'கடகட' என்றது ஏர் கம்ப்ரஸர். உண்மையான டீசல் இன்ஜின் இதையெல்லாம் செய்யும் என்பதால் டீகோடரிலும் பதிந்து வைத்து, நினைத்த நேரத்தில் தானாக ஒலிக்க விடுகிறார்கள்.

ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் 251 வகை இன்ஜினின் ஒலி இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். ஐடிலில் ஒரே சீராக ஓடாமல் 'லொடக் லொடக்' என்று தடுமாறுவதுபோலக் கேட்கும். அது பழுதில்லை, அதன் சுபாவம். 1962 முதல் நம் ஊர்த் தண்டவாளங்களில் ஓடிய டபிள்யூடிஎம்-2 இன்ஜின்களுக்கு உள்ளே இருந்ததும் இதே 251 குடும்பத்தின் 16 சிலிண்டர் இன்ஜின்தான். ஸ்டேஷனில் நின்று அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஆக, சந்தேகமான சத்தம் இன்ஜின் நிற்கும்போதும் வருகிறதா, ஒலியை அணைத்தால் மறைகிறதா, ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் அது பதிவில் உள்ள ஒலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டீகோடரின் கையேட்டில் எஃப் பொத்தான்களின் (கன்ட்ரோலரில் ஒலி, விளக்கு போன்றவற்றை இயக்கும் பொத்தான்கள்) பட்டியலை ஒருமுறை புரட்டினால் தெரிந்துவிடும்.

அடுத்தது: இரண்டையும் பிரிப்பது

ஒலியை மட்டும் அணையுங்கள். அமெரிக்க வகை இன்ஜின்கள் பலவற்றில் எஃப்8 அழுத்தினால் ஒலி அடங்கும். ஐரோப்பிய மாடல்கள் பலவற்றில் எஃப்1தான் ஒலியைத் தொடங்கும், நிறுத்தும். இப்போது மௌனமாக ஓடும் இன்ஜினை மிக மெதுவாக ஒரு நேர்த்தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிறகு நடுத்தர வேகம். இரைச்சல் அப்படியே இருந்தால் அது மோட்டார், கியர், சக்கரம் சம்பந்தப்பட்டது.

சுத்தமாக மறைந்துவிட்டால், எதிர்ச் சோதனையையும் செய்துவிடுங்கள். இன்ஜின் நகராமல் ஒலியை மட்டும் ஏற்ற வேண்டும். பல டீகோடர்களில் இன்ஜினை நிறுத்தி வைத்தபடியே உறுமலை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் உண்டு. நின்ற இடத்திலேயே அந்தக் கறகறப்பு வந்தால் ஸ்பீக்கர் பக்கம்தான் கோளாறு. நான் இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் அந்த இரண்டு மாலைகளும் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது ஒரு சாத்தியமும் உண்டு. இன்ஜினில் எதுவுமே இல்லாமல், மேடைதான் சத்தம் போடும். வெறும் பிளைவுட் பலகைமேல் தண்டவாளத்தை ஆணியடித்திருந்தால் பலகை மிருதங்கத் தோல்போல வேலை செய்யும். ஜல்லியைப் பசை ஊற்றி இறுக்கிய இடத்தில் இன்னும் அதிகமாகவே கேட்கும். ஒரு தடித்த துண்டின்மேல் தனித் தண்டவாளத்தைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் பாதியாகக் குறைந்தால், தண்டவாளத்துக்கு அடியில் கார்க் அல்லது ஃபோம் போடுவதுதான் மருந்து.

மௌனத்திலும் இரைந்தால்: கியர், மோட்டார்

எந்த மாதிரிச் சத்தம் என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

'டிக்… டிக்… டிக்' என்று ஒழுங்கான இடைவெளியில் வந்தால் அடிகளை எண்ணுங்கள். 40 அங்குலச் சக்கரம் உள்ள டீசலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் சக்கரத்தின் விட்டம் 11.7 மில்லிமீட்டர் வரும். ஒரு சுற்றுக்குச் சுமார் 37 மில்லிமீட்டர் நகரும். அடிஸ்கேலைத் தண்டவாளத்தின் அருகே வைத்து, 30 சென்டிமீட்டர் போவதற்குள் எத்தனை 'டிக்' என்று பாருங்கள். எட்டு வந்தால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று என்று பொருள். அப்படியானால் அச்சில் உள்ள பிளாஸ்டிக் கியர் விரிசல் விட்டிருக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். உலோக அச்சில் இறுக்கமாக அடித்து ஏற்றிய பிளாஸ்டிக் நாளாவட்டத்தில் பிளக்கும். பிளவு இருக்கும் இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி விரியும்; அந்த இடம் வரும்போதெல்லாம் அடுத்த கியர் தடுக்கி விழும். விரிசல் மயிரிழை அளவுதான் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து, பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் தேடுங்கள். பசை போட்டு ஒட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்தக் கியர்கள் செய்யும் வழுக்கலான பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்பதில்லை. புதுக் கியர்தான் ஒரே வழி. மாற்றியபின் இரு சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை என்எம்ஆர்ஏ (அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கம்) அளவுக்கருவியில் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் அடுத்த பாயின்ட்டில் (தடம் பிரியும் இடத்தில்) இன்ஜின் தடம் புரளும்.

எட்டு வராமல் ஒழுங்கற்றுத் தடுக்கினால் பற்களில் ஏதோ மாட்டியிருக்கிறது. ஒரு துளி ஜல்லி, கம்பள நூல், தலைமுடி. தரையில் ரயில் ஓட்டும் வீடுகளில் முடிதான் முதல் எதிரி. அச்சில் சுற்றிக்கொண்டு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. ஊசியால் கிளப்பிக் கத்தரித்து எடுங்கள்.

'கொரகொர' என்ற உறுமல், அதுவும் ஒரு திசையில் மட்டும் அல்லது இறக்கத்தில் மட்டும் வந்தால், வார்ம் கியரில் ஆட்டம் இருக்கிறது. மோட்டாரிலிருந்து வரும் தண்டு, திருகு வடிவில் இருக்கும் வார்மைச் சுற்றுகிறது. வார்ம் கீழே உள்ள கியரைத் தள்ளுகிறது. முன்னே போகும்போது வார்ம் ஒரு பக்கம் ஒதுங்கும், பின்னே போகும்போது மறுபக்கம். இரு பக்கமும் உள்ள சின்ன வாஷர்கள் தேய்ந்தாலோ தொலைந்தாலோ அது முன்னும் பின்னும் மோதிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் பெட்டிகள் பின்னாலிருந்து தள்ளுவதால் இன்ஜின் விட்டு விட்டு இழுப்பதுபோலவும் தெரியும். வார்ம் மேல்மூடியைத் திறந்து, வார்மை விரலால் நீளவாக்கில் அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் வேண்டும். நன்றாக 'லொட லொட' என்று ஆடினால் மெல்லிய வாஷர் ஒன்று சேர்க்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் மோட்டார் சூடாகும். மூடியின் கொக்கி சரியாக மாட்டாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தாலும் இதே உறுமல் வரும் என்பதால், வாஷரைத் தேடுவதற்கு முன் மூடியை அழுத்திப் பாருங்கள்.

'கிறீச்' என்று காதைக் கிழித்தால், மோட்டாரின் வெண்கல பேரிங் வறண்டிருக்கிறது. ஊசி முனையில் தொட்டு ஒரே ஒரு துளி. அதற்குமேல் விட்டால் எண்ணெய் ஊர்ந்து கம்யூட்டேட்டரில் (மோட்டாருக்குள் மின்சாரத்தை வாங்கும் செம்பு வளையம்) இறங்கி கார்பன் தூளோடு சேர்ந்து கரிச்சேறாகிவிடும். பிறகு அந்த மோட்டாரைச் சுத்தம் செய்வது தனிக் கதை.

எது என்றே புரியவில்லை என்றால் கழித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு பக்கத் தண்டுகளையும் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். அமைதியாக இருந்தால் முன்பக்கத் தண்டை மாட்டி ஓட்டுங்கள். அப்புறம் பின்பக்கம். எதை மாட்டியதும் சத்தம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் குற்றவாளி. அந்தப் பக்கத்துச் சக்கரத் தொகுதியைக் கழற்றிக் கையில் வைத்து வார்மை விரலால் உருட்டினால், எங்கே தடுக்குகிறது என்று விரலே சொல்லிவிடும்.

பழைய இன்ஜின்களில் கிரீஸ் காய்ந்து மெழுகுபோல இறுகியிருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஆகும் என்று குறிப்பிட்ட கிரீஸைப் பற்களில் மெலிதாகத் தடவுங்கள். சமையலறைத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். கொஞ்சம் குளிர்ந்தாலே உறையும், நாளானால் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் உலோகத்துக்குச் சரி, ஆனால் எந்தப் பிளாஸ்டிக்கை என்ன செய்யும் என்பது புட்டியில் எழுதியிருக்காது.

டீகோடரைப் புதிதாக மாற்றிய அன்றே 'சரசர' என்று ஒரு புதுச் சத்தம் முளைத்தால் கியரைத் தொடவே தொடாதீர்கள். வயர் ஒன்று ஃப்ளைவீலில் (மோட்டார் தண்டில் சுழலும் கனமான உருளை) உரசுகிறது. கேப்டான் டேப்பால் (வெப்பம் தாங்கும் டேப்) வயரை ஓரம் கட்டினால் போதும். விட்டுவைத்தால் வயரின் தோல் உரிந்து டீகோடர் புகைந்துவிடும்.

மோட்டார் சீராகச் சுற்றாமல் மெதுவான வேகத்தில் குலுங்கி 'டர்ர்' என்றால், கோளாறு இரும்பில் இல்லாமல் அமைப்பில் இருக்கலாம். டீகோடர் மோட்டாரின் வேகத்தை அளந்து அளந்து திருத்துகிறது. அந்த அளவுகள் உங்கள் மோட்டாருக்குப் பொருந்தாவிட்டால் இப்படிக் குலுக்கும். இஎஸ்யூ நிறுவனத்தின் லோக்சவுண்ட் 4, 5 வகைகளில் இதற்குத் தானாகச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. ஓடும் தண்டவாளத்திலேயே சிவி 54-இல் (சிவி என்பது டீகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடம்) 0 எழுதிவிட்டு எஃப்1 அழுத்த வேண்டும். அழுத்தியதும் இன்ஜின் முழு வேகத்தில் பாய்ந்து நிற்கும். நேரான, காலியான, நீளமான தண்டவாளத்தில் மட்டும் செய்யுங்கள். மேஜை ஓரத்தில் செய்து இன்ஜினைத் தரையில் பொறுக்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஒலியோடு மட்டும் வந்தால்: ஸ்பீக்கர்

எதையும் கழற்றுவதற்கு முன் ஒலி அளவைக் குறையுங்கள். லோக்சவுண்டில் சிவி 63, சவுண்ட்டிராக்ஸ் சுனாமி2-வில் சிவி 128, ஜிமோவில் சிவி 266. பழைய எண்ணை ஒரு தாளில் குறித்துவிட்டுப் பாதியாக்குங்கள். கிழிசல் சுத்தமாகப் போய்விட்டால் ஸ்பீக்கரின் சக்திக்கு மேல் நாம் கேட்டிருக்கிறோம் என்று அர்த்தம். ஹார்ன் அடிக்கும்போது மட்டும் பிளறினால் மொத்த அளவைத் தொடாமல் ஹார்னுக்கான தனி அளவை மட்டும் இறக்கலாம். என்னைக் கேட்டால், தொழிற்சாலையிலிருந்து வரும் ஒலி அளவே வீட்டு அறைக்கு அதிகம். நான்கு இன்ஜின் ஒன்றாக ஐடிலில் நின்றால் டீ கடை பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல இருக்கும்.

அளவைக் குறைத்தும் 'சடசட' இருந்தால் மேல்கூட்டைக் கழற்றி ஓட்டுங்கள். கூடு இல்லாதபோது அமைதி என்றால் ஸ்பீக்கரில் பிழை இல்லை. கூட்டில் ஏதோ ஒன்று அதிர்கிறது. பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடியாக வைத்த பிளாஸ்டிக் துண்டு, தளர்ந்த கைப்பிடிக் கம்பி, மணி, உள்ளே எடைக்காக வைத்த உலோகக் கட்டி. உறுமல் ஏதோ ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருக்கும்போது மட்டும் சத்தம் வருவது இதன் அடையாளம். கூட்டை மாட்டி, அந்த உயரத்தில் ஒலியை நிறுத்திவைத்துவிட்டு, விரலால் ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது நிற்கிறதோ அங்கே உட்புறமாக ஒரு துண்டு ஃபோம் டேப் அல்லது ஒரு சொட்டு வெள்ளைப் பசை.

கூடு இல்லாமலும் வந்தால் ஸ்பீக்கரையே பார்க்க வேண்டும். தண்டவாளத்தில் கிடக்கும் இரும்புத்தூளை அதன் காந்தம் இழுத்துக்கொள்ளும். கூம்பில் ஒட்டிய ஒரே ஒரு துகள் போதும், 'ஜிர்ர்' என்று பாட. ஊதினால் இன்னும் உள்ளே போகும். பிசுபிசுப்பான டேப்பை மெல்லத் தொட்டு எடுங்கள். தண்டவாளத்தை ஸ்டீல் வூல் போட்டுத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், அதன் இழைகள் ஸ்பீக்கரோடு நிற்காமல் மோட்டாருக்குள்ளும் போகும்.

கறகறப்பு இல்லை, ஆனால் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல மெலிதாகக் கேட்கிறது என்றால் காற்று கசிகிறது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்றை இழுக்கிறது. முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் சந்தித்துக்கொண்டால் ஒன்றையொன்று அழித்துவிடும். முதலில் போவது அடித்தொண்டை உறுமல்தான். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி இருப்பது இதைத் தடுக்கத்தான். பெட்டியின் விளிம்பைச் சுற்றிலும், வயர் நுழையும் துளையிலும் ஒட்டுக்களிமண்ணை அழுத்தி அடைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே கேட்கும்; கேட்டபின் நிரந்தரமாகப் பசை போட்டு அடைக்கலாம். இதே விளிம்பு பசை விட்டு அதிர்ந்தால் கறகறப்பும் வரும்; என் இன்ஜினில் நடந்தது அதுதான்.

ஸ்பீக்கரை மாற்றுவதாக இருந்தால் ஓம் கணக்கு முக்கியம். டீகோடர் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே போகக் கூடாது. போனால் டீகோடரின் ஆம்ப்ளிஃபயர் எரியும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகப் போட்டால் 4 ஓம், தொடராகப் போட்டால் 16. பழைய லோக்சவுண்ட் 3.5 வகை 100 ஓம் ஸ்பீக்கர் கேட்கும். அதில் இன்றைய 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டக் கூடாது.

நல்ல ஸ்பீக்கர் போட்டும் கிழிகிறது என்றால் டீகோடரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். பெரும்பாலானவற்றில் சிவி 8-இல் 8 எழுதினால் போதும். உங்கள் மாற்றங்கள் எல்லாம் அழிந்து இன்ஜினின் முகவரி மறுபடி 3 ஆகிவிடும் என்பதால் முன்னமே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் டீகோடர் போய்விட்டது.

விட்டு விட்டு வந்தால்

ஒலி அறுந்து, மறுபடி இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் ஒலியிலிருந்து தொடங்கினால் டீகோடருக்கு மின்சாரம் விட்டுப்போயிருக்கிறது. விளக்கைப் பாருங்கள்: ஒலியோடு விளக்கும் சிமிட்டினால் சக்கரம் அல்லது தண்டவாளம் அழுக்கு. விளக்கு சீராக எரிந்து ஒலி மட்டும் போய்ப் போய் வந்தால் ஸ்பீக்கர் வயரின் சால்டரிங் விட்டிருக்கிறது.

சக்கரம் துடைக்க, ஆல்கஹாலில் நனைத்த பேப்பர் துண்டைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, இன்ஜினின் ஒரு முனைச் சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, மறுமுனைச் சக்கரங்கள் தண்டவாளத்தில் நிற்க ஓட்டுங்கள். பேப்பரில் கருப்புக் கோடுகள் இறங்கும். பிறகு முனை மாற்றுங்கள். கருப்பு நிற்கும்வரை. நொடிநேரம் மின்சாரம் விட்டுப்போனாலும் தாங்கும் கெப்பாசிட்டர் வைத்தால் அறுபடுவது நிற்கும்தான், ஆனால் அழுக்கைத் துடைத்தபின் வையுங்கள்.

டிசிசி இல்லாமல் சாதாரண டிசி கன்ட்ரோலரில் ஒலி இன்ஜினை ஓட்டி 'பர்ர்' என்று இரைந்தால், கன்ட்ரோலர் சீரான மின்சாரம் தராமல் துடிப்புகளாகத் தருகிறதா என்று பாருங்கள். டீகோடருக்கு அது ஒத்துக்கொள்ளாது. வேறு கன்ட்ரோலர்தான் வழி.

மூடும்போது

கூட்டை மாட்டும்போது ஸ்க்ரூவை முழு பலத்தோடு முறுக்காதீர்கள். சட்டம் லேசாக வளைந்தாலே வார்மும் கியரும் கோணலாகி, பழைய உறுமல் திரும்பிவிடும். முதலில் ஸ்க்ரூ போடாமல் கூட்டை வெறுமனே வைத்து ஒருமுறை ஓட்டுங்கள், வயர் எதுவும் நசுங்கவில்லை என்று தெரியும். பிறகு அரை மணி நேரம் முன்னோக்கி, அரை மணி நேரம் பின்னோக்கி, பெட்டிகள் எதுவும் இல்லாமல் வட்டத்தில் ஓடவிடுங்கள். புது கிரீஸில் அதிகப்படியானது இந்த நேரத்தில் வெளியே தெறித்து, சக்கரத்தின் ஓடும் பரப்பில் ஒட்டியிருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் பெட்டிகளை மாட்டுங்கள்.